உங்களுக்குத் தெரியுமா? வாளியில் ஊற்றிய யுரேனியம்

1999-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி காலை, ஜப்பான் தேசத்து டோக்காய்முராவிலுள்ள அணு எரிபொருள் தொழிற்சாலையில், யுரேனியக் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர், சங்கிலித்தொடர் வினை மூளாதவண்ணம் ஒடுங்கலாகவும் உயரமாகவும் அமைக்கப்பட்டிருந்த கலத்தை விட்டுவிட்டு, வேலை விரைவில் முடியட்டும் என்று, எஃகு வாளியும் புனலும் கொண்டு, அகன்ற வேறொரு தொட்டியிலேயே கரைசலை நேராக ஊற்றினர். ஒரு தடவைக்கு 2.4 கிலோவே அனுமதிக்கப்பட்டிருந்த அத்தொட்டியில் சுமார் 16 கிலோ யுரேனியம் சேர்ந்துவிட, ஏழாவது வாளியை ஊற்றும்போது நீல ஒளி பளிச்சிட்டது; சங்கிலித்தொடர் வினை மூண்டுவிட்டது.

இதனை அந்த எளிய மனிதர்களின் அஜாக்கிரதை என்று சொல்லி முடித்துவிடுவது பெரும் அநியாயம் என்றே கருதுகிறேன். ஏனெனில், வாளியில் கரைக்கும் அந்தக் குறுக்குவழியை, அரசாங்கத்தின் சம்மதம் பெறாமலே, நிர்வாகமே தன் செய்முறைக் கையேட்டில் முன்பே எழுதிச் சேர்த்திருந்தது. தொட்டியில் ஊற்றியது அதையும் மீறிய அடுத்த படி. அவ்வளவு யுரேனியம் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதையோ அவர்களுக்கு எவரும் சரிவரக் கற்பிக்கவில்லை.

தொட்டியைச் சூழ்ந்து ஓடிய குளிர்நீர், வெளியேறும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பி வினையைப் போஷித்துக்கொண்டே இருந்தது. ஊழியர்கள் முறை வைத்துச் சென்று, சில நிமிஷங்களே அங்கு நின்று, அந்நீரை வடித்து, வினையை அடக்குவதற்குள் ஏறக்குறைய 20 மணி நேரம் கழிந்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 3 லட்சம் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். கதிர்வீச்சுக்கு ஆளான தொழிலாளரில் இருவர், மாதக்கணக்கில் அவதியுற்று, மருத்துவமனையிலேயே உயிர் நீத்தனர்.