சென்னைக்கு ரேடியோ தந்தவர்

கடற்கரையில் பாட்டுக் கேட்டவர்கள் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரை நினைத்திருப்பார்களா என்பது நமக்குச் சந்தேகமே. சென்னை மாகாண ரேடியோ கிளப்பை 1924 மே 16-ந் தேதி ஸ்தாபித்தவர் அவர். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. யந்திரத்தின் சக்தியோ வெறும் 40 வாட். பழைய குமிழ் விளக்கு ஒன்று எரிய வேண்டிய அளவுதான்! சர்க்கார் உத்தியோகமல்ல, வியாபாரமுமல்ல. ரேடியோவில் கொண்ட பற்றினால் செய்த தொண்டு. ஆனால் பற்று இருந்த இடத்தில் பணம் இல்லை. 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தி, யந்திரத்தைச் சென்னைக் கார்ப்பொரேஷனுக்குக் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பொரேஷன் ஒலிபரப்பத் தொடங்கியது. ரேடியோப் பெட்டி வாங்க வகையற்ற ஜனங்களும், கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளின் கீழ் அமர்ந்து, மாலை வேளைகளில் சங்கீதம் கேட்டார்கள்.