நீர்வழிப் பெண்கள் – 11: அதே ஆறு பேர், அதே இடம்

ராஃப்டிங் போய்வந்த பெண்களுக்குப் பெங்களூரின் பொம்மனஹள்ளியில் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓசூர் சாலையில் நின்று பாருங்கள். தண்டேலிக்கும் குடகுக்கும் கிளம்பும் பேருந்துக்காக முதுகுப்பையோடு கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் கணினி முன் உட்காருகிறவர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள், வங்கி ஊழியர்கள். ஞாயிறு இரவு வண்டி ஏறி, திங்கள் காலை தோள்வலியோடு வந்து இறங்கி, குளித்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். அந்த வலியை அவர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

அவர்களில் யாரிடமாவது, "போன தடவை உன்னோடு படகில் இருந்த ஐந்து பேரோடு மறுபடியும் போவாயா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த ஐந்து பேர் யாரென்றே தெரிந்திருக்காது. பயணம் போகிறவர்களுக்கும் பந்தய அணிக்கும் உள்ள தூரம் இதுதான். இந்த வாரம் அந்தத் தூரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சுற்றுலா ராஃப்டில் பின்புறம் ஒரு வழிகாட்டி இருப்பார். 'ஃபார்வர்ட்', 'பேக்', 'ஸ்டாப்', 'கெட் டவுன்' என்று அவர் கத்துவார், நாம் செய்வோம். முன்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடாமல் சிரித்துக்கொண்டிருந்தாலும் அவர் படகைக் கரை சேர்த்துவிடுவார். ஆறு பேர் போகும் பந்தய ராஃப்டில் அந்த வழிகாட்டி கிடையாது. இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் மூன்று பேர், அவ்வளவுதான். முன்வரிசை இருவர் தாளம் பிடிப்பார்கள். நடுவரிசை இருவர் முழு வலுவையும் கொடுப்பார்கள். கடைசி இருவர் தள்ளிக்கொண்டே திசையும் திருப்புவார்கள். காற்றடைத்த ரப்பர் படகு அகலமானது. தண்ணீரைக் கிழித்துப் போகாது, மேலே தேய்த்துக்கொண்டு போகும். ஒரு துடுப்படிக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே வேகம் இறங்கிவிடும். ஆறு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால், ஒருத்தி கொடுத்த வேகத்தை அடுத்தவள் துடுப்புப் போடுவதற்குள் ஆறு பிடுங்கிக்கொள்ளும். இடப்பக்கம் வலு கூடினால் முகப்பு வலப்பக்கம் திரும்பும்; அதைச் சரிசெய்யப் பின்னால் இருப்பவள் துடுப்பை எதிர்த்துப் பிடிக்க வேண்டும்; அந்தக் கணமே படகு தளரும். எனவே ஆறு பலசாலிகளைவிட, ஒரே நேரத்தில் குனிந்து ஒரே நேரத்தில் நிமிரும் ஆறு நடுத்தர உடல்காரிகள் வேகமாகப் போவார்கள். அந்த ஒருமை ஒரு வார இறுதியில் வருவதில்லை. முன்னால் இருப்பவளின் தோள் அசைவை வைத்தே அவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று தெரிகிற அளவுக்கு, அதே ஆறு பேர் அதே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

உலக ராஃப்டிங் பந்தயத்தின் மதிப்பெண் முறையே இதைச் சொல்லிவிடுகிறது. மொத்தம் 1000 புள்ளிகள். குறுந்தூர வேகத்துக்கு 100. இரண்டு படகுகள் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதும் நேருக்கு நேர் போட்டிக்கு 200. ஆற்றின் மேல் தொங்கும் வாயில்களுக்குள் புகுந்து வரும் ஸ்லாலமுக்கு 300. நெடுந்தூரம் ஆற்றோடு இறங்கும் டவுன்ரிவருக்கு 400. ஸ்லாலமில் சில வாயில்களை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடக்க வேண்டும். கம்பத்தை யாராவது தொட்டுவிட்டால் 5 நொடி அபராதம்; வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி. வெறும் முரட்டு வேகத்துக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஆற்றை வாசிக்கும் கண்ணுக்கும், ஒருவரையொருவர் அறிந்த உடம்புகளுக்கும். பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் ஒரே ஆறு, ஒரே வாயில்கள், ஒரே கணக்கு. இந்த விளையாட்டின் மேல் எனக்கு வந்த மரியாதைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதன் பிறப்பும் நட்பில்தான். பனிப்போர் முடியும் தறுவாயில், 1989இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் ஓடும் சூயா ஆற்றில் சோவியத் படகோட்டிகளும் அமெரிக்கர்களும் மற்ற நாட்டவர்களும் கூடிப் போட்டியிட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நாண்டஹாலா ஆற்றில் கூடினார்கள். 1998இல் கோஸ்டா ரிக்காவில் முறையான உலகப் போட்டி நடந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியப் பெண்களின் படகு வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஆண்டு 1994. எவரெஸ்ட் உச்சியை 1984இல் தொட்ட முதல் இந்தியப் பெண்ணாகவே பச்சேந்திரி பாலை நாம் பாடப்புத்தகத்தில் படித்தோம். பத்து ஆண்டு கழித்து அவர் செய்ததைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. 18 பெண்கள் கொண்ட குழுவோடும் மூன்று ராஃப்ட்களோடும் ஹரித்வாரில் கங்கையில் இறங்கி, 2,155 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு, 39 நாளில் கொல்கத்தா போய்ச் சேர்ந்தார். ஒரு நாளைக்குச் சராசரி 55 கிலோமீட்டர்.

ஹரித்வாருக்கு மேலே, ரிஷிகேஷ் பக்கம் என்றால் ஆறே தூக்கிக்கொண்டு போய்விடும். கீழே அப்படி இல்லை. கங்கை சமவெளியில் அகன்று சோம்பிவிடும். மணல்திட்டுகள் வழியைப் பிரித்துக் குழப்பும். பிஜ்னோர், நரோரா, ஃபரக்கா என்று அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கும். எதிர்க்காற்று வீசினால் ரப்பர் படகு நின்ற இடத்தில் நிற்கும். அங்கே வெள்ளத்தின் வீரம் கைகொடுக்காது. கைதான் கைகொடுக்க வேண்டும். நுரை பொங்கும் பாறைகளுக்கு நடுவே பத்து நிமிடம் தைரியமாக இருப்பது ஒன்று. வெயிலில் நாள் முழுக்க அசையாத தண்ணீரில் பக்கத்தில் இருப்பவளின் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதில்தான் அணி உருவாகிறது என்று நான் நினைக்கிறேன். 2018இல் 64 வயதில் அதே பச்சேந்திரி, 40 பேர் குழுவோடு கங்கையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி ஹரித்வாரிலிருந்து பாட்னா வரை மறுபடியும் ராஃப்டில் இறங்கினார்.

அதற்குப் பிறகு 2024 நவம்பரில் தொடங்கி எல்லைப் பாதுகாப்புப் படையின் பெண்கள், கங்கோத்ரியிலிருந்து கங்கா சாகர் வரை ராஃப்டில் போனார்கள். 2025 பிப்ரவரியில் உத்தராகண்ட் நடத்திய 38ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளில், தனக்பூர் பக்கம் சாரதா ஆற்றில் ராஃப்டிங் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. ஆக, ஆற்றில் இறங்கப் பெண்கள் இருக்கிறார்கள். நாடறிந்த மேடையும் மெல்ல வருகிறது. ஒரு மலையூரில் பிறந்தவளுக்கோ படையில் சேர்ந்தவளுக்கோ வழி தெரிகிறது. பொம்மனஹள்ளிக்காரி என்ன செய்வாள்?

அவளுக்கு முதல் சிக்கல் தூரம். தண்டேலிப் பக்கம் காளி ஆற்றில் ராஃப்ட் இறக்கும் கணேஷ்குடி இங்கிருந்து 450 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே சூபா அணைக்குக் கீழே, மின்நிலையம் விடுகிற தண்ணீரில்தான் படகு ஓடும். மழை நின்ற பிறகும் ஓடுவது அதனால்தான். தண்ணீர் எப்போது வரும் என்பது படகோட்டியின் கையில் இல்லை. குடகின் பாரபொளெ அதற்கு நேர்மாறு: ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை கொடுக்கும் நாட்களில் மட்டும், மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டில், ஆளை உலுக்கி எடுக்கும். அங்குள்ள வெள்ளப்பாய்ச்சல்களுக்கு 'மார்னிங் காபி', 'ரம்பா சம்பா', 'விக்கிட் விட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே அருமையான ஆறுகள். ஆனால் ஓர் இரவுப் பேருந்து, ஒரு தங்குமிடம், ஒரு படகுக் கட்டணம் என்று கணக்குப் போட்டு மாதம் இரண்டு முறை போய்வர எத்தனை பெண்களால் முடியும்?

இரண்டாவது சிக்கலை நாம் வீட்டுக்குள்ளேயே வளர்த்தோம். காவிரிக்கரையில் பிறந்த குடும்பங்களில்கூடப் பையனைத் தோளில் தூக்கிப்போய் ஆற்றில் போட்டு நீச்சல் பழக்கிய அப்பாக்கள், பெண்ணைப் படித்துறையின் கடைசிப் படியோடு நிறுத்தினார்கள். "தண்ணியில கண்டம் இருக்கு" என்ற ஒரு வரியில் எத்தனை பெண்களின் ஆறு முடிந்துபோயிருக்கிறது! வளர்ந்து, சம்பாதித்து, பெங்களூரில் குடியேறிய பிறகு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல்முறை இடுப்பளவு ஓடும் தண்ணீரில் இறங்குகிறவளின் கால் நடுங்குவது கோழைத்தனம் இல்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்றை முப்பது வயதில் தொடங்குகிறாள்.

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் துடுப்பைக் கொடுப்பதற்கு முன் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். வெள்ளத்தில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. கால் பாறையிடுக்கில் மாட்டினால் நீரோட்டம் தலையை அமுக்கிவிடும். மல்லாந்து மிதந்து, பாதங்களை ஆறு போகும் திசைக்கு நீட்டி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். தோழியைப் படகில் ஏற்றுவதற்கும் முறை இருக்கிறது. அவள் கையைப் பிடித்து இழுத்தால் வராது. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலைப் படகின் ஓரத்தில் ஊன்றி, நீங்கள் பின்பக்கமாக விழ வேண்டும். உங்கள் எடையே அவளை உள்ளே கொண்டுவந்து உங்கள் மேல் போடும். ஐம்பது கிலோப் பெண் எண்பது கிலோப் பெண்ணைத் தூக்கிவிடுவாள். இதை முதல்முறை செய்து பார்த்த பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாம் பலவீனமானவர்கள் என்று அதுவரை நம்பிய ஏதோ ஒன்று அங்கே கழன்று விழுகிறது.

பலவீனத்தை உதறி ஒன்றாக எழுவது எப்படி என்று பொம்மனஹள்ளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருங்கால வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் ஒரு விதி வந்தது. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து ஓசூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய தலைவர் யாரும் அழைக்கவில்லை. மறுநாளே மத்திய அரசு அந்த விதியைக் கைவிட்டது. ராஃப்டிங் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் அந்தப் பெண்களை நான் பார்ப்பதில்லை. ஆறு நாள் தையல், ஏழாம் நாள் துணி துவைப்பு என்று அவர்கள் வாரம் முடிந்துவிடுகிறது. பொம்மனஹள்ளிக்கு என்றைக்காவது ஒரு பெண்கள் பந்தய அணி அமையுமானால், அதில் இரண்டு இடமாவது அவர்களுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அது நடக்க முடியாத ஆசை இல்லை. ராஃப்ட் பந்தயத்துக்கு வேண்டிய பயிற்சியில் பாதிக்கு மேல் வெள்ளமே தேவையில்லை. துடுப்பை ஒன்றாக இறக்குவது, திருப்புவது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது, விழுந்தவளை ஏற்றுவது எல்லாவற்றையும் நின்ற நீரில் பழகலாம். அல்சூர் ஏரியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் படகுப் பயிற்சி எடுக்கும் நகரம் இது. மாநில அரசுக்கு ஜெனரல் திம்மய்யா பெயரில் சாகசப் பயிற்சிக்கென்றே ஓர் அகாடமி இருக்கிறது. பொம்மனஹள்ளிக்குப் பக்கத்திலேயே, ஒரு காலத்தில் படகுச் சவாரி நடந்த மடிவாளா ஏரி கிடக்கிறது. அதில் கழிவுநீர் கலக்காமல் காத்து, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை இரண்டு ராஃப்ட்களையும் பன்னிரண்டு ஹெல்மெட்களையும் ஒரு பயிற்சியாளரையும் பெண்களுக்கென்று நிறுத்துவது ஒரு மாநகரத்துக்குப் பெரிய செலவாகாது. உடை மாற்றிக்கொள்ளப் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும். அது இல்லாததால் வீடு திரும்பிய பெண்கள் உண்டு. மழைக்காலம் வந்ததும் அங்கே பழகிய ஆறு பேரைப் பாரபொளெக்கு அனுப்பலாம். குளிர்காலத்தில் காளிக்கு அனுப்பலாம். எட்டரை மணிக்கு வீட்டில் இருந்து இட்லி ஊற்றிவிட முடியும் என்றால் வருகிற பெண்கள் எத்தனை பேர் என்று ஏரிக்கரையில் ஒரு பலகை வைத்துப் பெயர் கேட்டாலே தெரிந்துவிடும். அந்தப் பலகையை வைக்கும் அதிகாரி யாராக இருந்தாலும், முதல் நாள் பெயர் கொடுக்க நானும் வருகிறேன்.

(அடுத்த வாரம்: தாமரச்சேரி மலைச்சரிவுக்குக் கீழே, கோடஞ்சேரியின் சாலிப்புழாவிலும் இருவஞ்ஞிப்புழாவிலும் மழைக்காலந்தோறும் கயாக் ஓட்டி 'ரேப்பிட் ராணி' பட்டத்துக்கு மோதும் பெண்கள்)