எந்த வேலைக்கு எந்த ஒயில், எந்த மெழுகு?

நறுவிலிக்குளத்தில் நான் படிப்பிக்கும் பிள்ளை ஒருவரின் தகப்பனார் மா அரைக்கும் மில் வைத்திருக்கிறார். ஒரு நாள் அரிசி மா வாங்கப் போயிருந்தேன். இயந்திரத்தின் பெயாரிங்கிற்கு அவர் ஒரு பழைய போத்தலில் இருந்து கறுப்பு ஒயில் விட்டுக்கொண்டிருந்தார். அது மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கிய கழிவு ஒயில். மா விழும் வாய்க்கும் அந்தப் பெயாரிங்கிற்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"இதை ஏன் அண்ணன் விடுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒயில் எண்டால் ஒயில்தானே சேர். வழுக்கினால் சரி" என்றார்.

அவரில் பெரிய குற்றம் காண முடியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவானதைக் கண்ட கரை இது. அன்றிலிருந்து சிக்கனம் பார்க்காத தொழிலாளி இங்கே இல்லை. ஆனாலும் "ஒயில் எண்டால் ஒயில்தானே" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஓர் ஆசிரியனாக எழுதியே ஆகவேண்டும் என்று நினைத்தேன். எமது சமூகத்தில் பேக்கரி, மில், ஹோட்டல், எண்ணெய் வியாபாரம், படகு என்று இந்தப் பொருட்களோடு நாளாந்தம் பழகுவோர் அதிகம்.

ஒரே தாய், பல பிள்ளைகள்

மசகு எண்ணெயைச் சூடாக்கி வடிக்கும்போது முதலில் எரிவாயுவும் பெற்றோலும், பிறகு மண்ணெண்ணெயும் டீசலும் பிரிகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய எமது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலும் நடப்பது இதுதான். அடியில் எஞ்சும் கனமான பகுதியை, காற்றழுத்தத்தைக் குறைத்த கொதிகலனில் மீண்டும் வடித்தால் உராய்வு நீக்கி எண்ணெய்க்குரிய பகுதிகள் கிடைக்கும். அந்த எண்ணெயைக் குளிர்த்திப் பிரிக்கும்போது வெளிவருவதுதான் மெழுகு. ஆகவே ஒயிலும் மெழுகும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். வித்தியாசம் எவ்வளவு தூரம் சுத்திகரித்திருக்கிறார்கள், பின்னர் அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சுத்திகரிப்பு என்பது நிறத்திற்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த கனிய எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. நன்கு சுத்திகரித்தவை அந்தப் பிரிவில் இல்லை. கடைசி மட்டம் வரை சுத்திகரித்து, நிறமும் மணமும் சுவையும் இல்லாமல் எடுப்பதுதான் வெள்ளை எண்ணெய். மருந்துக் கடையில் 'லிக்குயிட் பரபின்' என்று விற்பதும், குழந்தைகளுக்குப் பூசும் பேபி ஒயில் பலவற்றின் அடிப்படையும் அதுவே. அதைக்கூட கைக்குழந்தையின் மூக்கிலோ வாயிலோ விடக்கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராமல் அங்கேயே தங்கி நோயாக்கும்.

என்ஜின் ஒயிலின் கதை வேறு. அதில் தேய்மானத்தைக் குறைக்கவும், அழுக்கைக் கரைக்கவும் பல இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. பாவித்துக் கழித்த ஒயிலிலோ அவற்றோடு உலோகத் துகளும் கரியும் சேர்ந்துவிடுகின்றன.

எமது நாட்டிலேயே நடந்தது

1977, 78 ஆண்டுகளில் இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண் பிள்ளைகளுக்குத் திடீரென நரம்புகள் பாதிக்கப்பட்டு கைகால்கள் பலமிழந்தன. வைத்தியர்கள் தேடிப்போனபோது, அந்தப் பிள்ளைகள் பெரியபிள்ளையானபோது சத்துக்காகக் கொடுத்த நல்லெண்ணெயில் 'டிரைகிரெசைல் பொஸ்பேட்' என்ற நஞ்சு இருந்தது தெரியவந்தது. அது உராய்வு நீக்கி ஒயில்களில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படும் இரசாயனம். முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி இறக்கியபோது கலந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு. 1981இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் இது வெளியானது.

யாரும் வேண்டுமென்று நஞ்சு வைக்கவில்லை. மகளின் உடம்பு தேறட்டும் என்று உம்மாமார் கரண்டியில் ஊற்றிக் கொடுத்த எண்ணெய் அது. பிழை நடந்தது ஒரு கலனில்.

1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் நடந்ததோ தெரிந்தே செய்த மோசடி. அமெரிக்க விமானத் தளமொன்றில் இருந்து கழித்து விற்ற ஜெட் என்ஜின் ஒயிலை வாங்கிய வியாபாரிகள், அதைச் சமையல் எண்ணெயோடு கலந்து மலிவாக விற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் முடமானார்கள். அதிலும் இருந்தது இதே வகை இரசாயனம்தான். இதற்கு நாக்கில் பிடிபடும் சுவை இல்லை. பொரித்தாலும் போகாது. கால் தளர்வது உடனடியாகத் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் முழுக் குடும்பமும் சாப்பிட்டு முடிந்திருக்கும்.

உருகி வளைந்த மெழுகுதிரிகள்

மெழுகிலும் இதே கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த மாதர் சங்கம் ஒன்று, ஓகஸ்ட் மடுத் திருவிழாவிற்கு விற்கலாம் என்று கடன் எடுத்து மெழுகுதிரி செய்தது. மொத்த வியாபாரி ஒருவர் "எல்லாம் ஒரே மெழுகுதான்" என்று மலிவான பாளங்களைக் கொடுத்திருந்தார். தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த திரிகள் இரண்டே நாளில் வாழைப்பழம் போல வளைந்துவிட்டன. பற்ற வைத்தால் கரும்புகை. கடன் மட்டும் மிஞ்சியது.

காரணம் எளிது. எண்ணெயில் இருந்து முதலில் பிரியும் மெழுகில் கணிசமான அளவு எண்ணெய் தங்கியிருக்கும். முற்றாகச் சுத்திகரித்த பரபின் மெழுகில் எண்ணெய் அரைச் சதவீதமளவில் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். எண்ணெய் கூடினால் மெழுகு மென்மையாகும், புகையும். அதோடு உருகுநிலையையும் பார்க்க வேண்டும். மன்னார் வெயிலுக்கு 58 முதல் 60 பாகை செல்சியஸில் உருகும் மெழுகைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு துண்டைக் கடதாசியில் வைத்து அழுத்தி வெயிலில் சிறிது நேரம் விடுங்கள். எண்ணெய்க் கறை படர்ந்தால் அது திரிக்கு ஆகாது. பத்திக் வேலைக்கு வேறு கணக்கு. பரபின் வெடித்துக் கோடு விழும், தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். அதனால் இரண்டையும் கலந்து பாவிக்கிறார்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: இது உணவில் படுமா? மில், பேக்கரி, ஐஸ் தொழிற்சாலை, இடியப்ப இயந்திரம் ஆகியவற்றில் உணவோடு தற்செயலாகப் படக்கூடிய இடத்திற்கென்று 'எச்-1' எனக் குறித்த ஒயிலும் கிறீஸும் இருக்கின்றன. விலை கூட. ஆனால் ஒரு பெயாரிங்கிற்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்.

இரண்டாவது: தண்ணீர் படுமா? படகுக்குக் கடல் நீரில் கரைந்து போகாத கிறீஸ் வேண்டும். கல்சியம் கிறீஸ் நீரைத் தாங்கும், சோடியம் கிறீஸ் கரைந்துவிடும். வெளியிணைப்பு இயந்திரத்திற்கு 'டிசி-டபிள்யூ3' என்று குறித்த டூ ஸ்ட்ரோக் ஒயிலைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கான டூ ஸ்ட்ரோக் ஒயில் சாம்பல் விட்டு பிளக்கை அடைக்கக்கூடும்.

மூன்றாவது: எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம்? வேகமாகச் சுழலும் தையல் இயந்திரத்திற்கு மெல்லிய எண்ணெய். மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் பற்சக்கரத்திற்குத் தடித்தது.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பெற்றோலிய எண்ணெயும் மெழுகும் பூமிக்கடியில் இருந்து எடுப்பவை. ஆனால் கிறீஸைக் கெட்டியாக்கவும் மெழுகுதிரியை உறுதியாக்கவும் சேர்க்கும் கொழுப்பமிலம் சிலவேளை மிருகக் கொழுப்பில் இருந்தும் எடுக்கப்படுகிறது. உணவுத் தொழில் செய்வோர் அதன் மூலத்தை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும்.

கலனை மாற்றாதீர்கள்

வீட்டில் இருந்தே தொடங்கலாம். மண்ணெண்ணெயை சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடிக்கும் சிறு பிள்ளைகளை எமது வைத்தியசாலைகள் காலங்காலமாகப் பார்த்து வருகின்றன. ஒயில் வந்த பரலிலோ கேனிலோ, எவ்வளவு கழுவினாலும், தேங்காயெண்ணெயோ குடிநீரோ நிரப்பாதீர்கள். கடைக்காரர்கள் சமையல் எண்ணெய்க் கலன்களைத் தனி நிறத்தில் வையுங்கள். எண்ணெய் ஏற்றி வரும் லொறிக்காரரிடம் "இதற்கு முன் இதில் என்ன ஏற்றினீங்க?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபிகளார் (ஸல்) கண்டித்த சம்பவத்தை நாம் ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அங்கே மறைத்தது வெறும் ஈரத்தைத்தான்.

மில்காரரிடம் நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை போனபோது அந்தக் கறுப்புப் போத்தல் அங்கே இல்லை. மன்னார் டவுனில் எச்-1 கிறீஸ் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். இந்த எழுத்தை வாசிக்கும் வியாபாரிகள் அதை ஒரு டின்னாவது வாங்கிக் கடையில் வையுங்கள். கேட்டு வர ஆட்கள் இருக்கிறார்கள்.