கெப் இழுக்கவில்லையா? மெனிபோல்டைப் பாருங்கள்

மேடே இல்லாத மட்டக்களப்பில் ஒரு டீசல் கெப்புக்கு வருத்தம் வந்திருப்பது பாலத்தில் ஏறும்போதுதான் தெரியவரும். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நெல் மூட்டையோடு வரும் டபுள் கெப் நடுவழியில் மூச்சு வாங்கும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் கறுப்புப் புகையை அடிக்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "லோட் வெச்சா இழுக்குதில்ல பாஸ்."

வண்டிக்காரர் முதலில் சந்தேகப்படுவது இன்ஜெக்டரை. விலை கூடிய சாமான் என்பதால் பயமும் அங்கேதான் போகும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டார்கள் என்று பெற்றோல் செட்டைத் திட்டுவோரும் உண்டு. அனுபவப்பட்ட மெக்கானிக் எயார் பில்டரைத் திறந்து பார்ப்பார். டர்போவிலிருந்து போகும் இறப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று அடிப்பக்கம் வரை தடவிப் பார்ப்பார். இரண்டும் சரியென்றால் அடுத்து அவர் கை போகும் இடம் இன்டேக் மெனிபோல்ட்.

என்ஜின் ஹெட்டின் பக்கவாட்டில் பூட்டியிருக்கும் அலுமினிய வார்ப்பு அது. பில்டர், டர்போ, இன்டர்கூலர் எல்லாம் கடந்து வரும் காற்றை நாலு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பதே அதன் தொழில். அது இலேசில் தேயாது, உடையாது. ஆனால் அடைக்கும்.

அடைப்புக்குக் காரணம் ஈஜிஆர் வால்வு. சிலிண்டருக்குள் வெப்பம் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசைத் தாண்டினால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. நெஞ்சு நோய்க்காரருக்கு ஆகாத வாயுக்கள் இவை. வெப்பத்தைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கை இந்த வால்வு வழியாகத் திருப்பி மெனிபோல்டுக்குள்ளேயே விடுகிறார்கள். புகையோடு கரியும் வரும். என்ஜினின் அடியிலிருந்து பிரீதர் குழாய் வழியாக ஒயில் ஆவியும் அதே பாதைக்கு வருகிறது. கரியும் ஒயிலும் சேர்ந்தால் பசை. நாளாக நாளாக அது சுவரில் படிந்து தடித்து, காற்றுப் போகும் வழியைப் பாதியாக்கிவிடும். படுவான்கரைக் கட்டித் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுப்பதுபோல் அதை வழித்தெடுக்கலாம், நிறம் மட்டும் கறுப்பு.

நிதானமாக ஓட்டுகிற வண்டிக்கே இந்த நோய் அதிகம். கல்லடியிலிருந்து காத்தான்குடி வரை சனநெரிசலில் ஊர்ந்து போவதும், வயல் வரம்பில் என்ஜினை அணைக்காமல் ஏற்றி இறக்குவதும் கரி சேர்வதற்கு ஏற்ற ஓட்டங்கள். பாரத்தோடு பொலன்னறுவைப் பக்கம் ஒரே வேகத்தில் போய்வரும் வண்டியில் அவ்வளவு சேராது.

வண்டிகளின் வயதும் சேர்ந்துகொள்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களோடு வந்த டபுள் கெப் தலைமுறையை இன்னும் இந்த ரோட்டுகளில் காணலாம்: டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிசி எல்200, இசுசு டி-மெக்ஸ். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் படிப்படியாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழையதை வித்துப் புதியது எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. இருந்ததைக் கழற்றிப் பூட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

கழற்றுகிற வேலை பலம் கேட்பதில்லை, ஒழுங்கு கேட்கும். என்ஜின் நன்றாக ஆற வேண்டும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்க வேண்டும். 1கேடி என்ஜின் கொண்ட ஹைலக்ஸில் இன்டர்கூலர் பொனட்டுக்கு நேர் கீழே, என்ஜினின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கினால்தான் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிறகு சென்சர் வயர்கள், திரொட்டில் பொடி, ஈஜிஆர் வால்வு, அதன் குழாய். ஈஜிஆர் கூலரையும் எடுப்பதானால் ரேடியேட்டர் தண்ணீரை முதலிலேயே இறக்கிவிட வேண்டும்.

அதிகம் மல்லுக்கட்ட வைப்பது ஈஜிஆர் குழாயின் நட்டுகள். புகைச் சூட்டில் வெந்து வெந்து, அதோடு வாவிக்கரை உப்புக் காற்றும் பட்டு இறுகிப்போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். அரை நாள் வேலை மூன்று நாளாகும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்துவிட்டுப் போகிறவர் புத்திசாலி.

கொமன் ரெயில் என்ஜின்களில் இன்னொரு கண்டம் இருக்கிறது. மெனிபோல்டை எடுக்கச் சில வண்டிகளில் டீசல் ரெயிலையும் இன்ஜெக்டர் குழாய்களையும் கழற்ற வேண்டும். ஓடும்போது அவற்றுக்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். என்ஜின் ஓடும்போது அந்த நட்டுகளில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. கழற்றிய வாய்களை உடனே மூட வேண்டும். ஒரு மணல் துணிக்கை போதும், இன்ஜெக்டர் பழுதாக.

மெனிபோல்ட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துவது முறை. பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. வார்ப்பு வளையாமல் இருக்கத்தான் இந்த முறை. மெனிபோல்ட் கையில் வந்ததும் ஹெட்டின் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைப்பது அடுத்த வேலை. அதை மறந்து ஒரு நட்டு உள்ளே விழுந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். விழுந்த நட்டுக்கு அங்கே இடம் கிடையாது.

கழுவுவதில்தான் கைவைத்தியம் அதிகம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டுவது மெதுவான வழி, ஆனால் நல்ல வழி. கோஸ்டிக் சோடாவில் போட்டால் கரியோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும். தீப்பற்றக்கூடிய ஐதரசனும் கிளம்பும். கழுவிய பிறகு முழுதாக உலர விட வேண்டும். மூலையில் தங்கிய மண்ணெண்ணெயை டீசல் என்ஜின் எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும்; அக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் ஏறிக்கொண்டே போகலாம்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வாகன சேர்விஸ் நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் சட்டப்படி தேவை. வீட்டு முற்றத்தில் கழுவுகிறவரை யாரும் கேட்பதில்லை. கான் வழியாக வாவிக்குப் போனால் இறாலுக்கும் மீனுக்கும்தான் கேடு.

பூட்டும்போது பழைய கஸ்கட்டையே சிலிக்கன் பூசிப் போடுவது மிச்சம் பிடிக்கும் வழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிதுங்கிய சிலிக்கன் உடைந்து உள்ளே போகும். பெயர்போன மொடல்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கஸ்கட் கிடைக்கும், காத்திருப்பதே நல்லது.

வேலை முடிந்து வண்டி இழுக்கத் தொடங்கியதும் உரிமையாளர் கேட்பது, ஈஜிஆர் பாதையில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடலாமா என்பதுதான். அடைத்தால் மெனிபோல்டில் கரி சேருவது பெருமளவு நிற்கும், அதில் பொய்யில்லை. நைதரசன் ஒட்சைட்டுகள் கூடும் என்பதும் பொய்யில்லை. ஆனால் இலங்கையில் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, டீசல் வண்டியின் புகை எவ்வளவு கறுப்பு என்பதைத்தான் அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுக்கள் அதில் அகப்படுவதில்லை. தகடு வைத்த கெப்பும் சான்றிதழோடு வெளியே வரும். புதிய மொடல்களில் மட்டும், காற்றின் கணக்குப் பிசகியதைக் கண்டுபிடித்து, என்ஜினின் கணினியான ஈசியு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரிய வைத்துவிடும்.