ஜப்பானியர்கள் ஒல்லியாக இருப்பது மரபணுவாலா?

மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. உடல் எடைக் குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல் பருமன். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர் அந்நிலையில் உள்ளனர். ஜப்பானில் சுமார் 5 விழுக்காடுதான்.

மரபணுவை மட்டும் குறைகூற முடியாது. 1960களில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஹவாய், கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள், ஜப்பானில் இருந்தவர்களைவிடக் கூடுதல் எடையுடன் காணப்பட்டனர். மாறியது உணவும் வாழ்க்கைமுறையும்தான்.

ஜப்பானில் 1954லேயே பள்ளி உணவுச் சட்டம் வந்துவிட்டது. உணவியல் வல்லுநர் திட்டமிட்ட உணவை மாணவர்களே பரிமாற, ஆசிரியரும் வகுப்பறையில் உடன் அமர்ந்து சாப்பிடுகிறார்.

எங்கள் சிற்றுண்டிச்சாலையிலோ வரிசையில் நின்றே ஓய்வு நேரம் பாதி கரைந்துவிடும். சட்டென்று கைக்குக் கிடைப்பது பொரித்த நகட். இரவில் பக்கத்து மாமாக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான். நானும் அப்படித்தான் போகிறேன்.