வாகனக் கடனும் கொடுகடன் ஏடும்

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பெற்று 2013ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் அங்கு வந்தில. துறைமுக வாயில் மணல் வந்து அடைத்தது. அயலிலுள்ள கரையையோ கடல் அரித்துச் சென்றது. வாயில் அடைபட்ட காலங்களில் மீனவர் படகுகளும் உள்ளேயே கிடக்க நேர்ந்தது. படகு கடலுக்குப் போகாத மாதத்தில் வருவாய் இல்லை. ஆயினும் கடனுக்குரிய தவணை நாள் மட்டும் தவறாது வந்துவிடும்.

அத்தகைய படகுச் சொந்தக்காரர் ஒருவர், சில ஆண்டுகளின் பின், கல்முனைச் சந்தைக்கு மீன் கொண்டு செல்ல ஐஸ் பெட்டி பூட்டிய சிறு லொறியொன்றை வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கடனை அவர் எப்போதோ தீர்த்துவிட்டார். லொறியை விற்பவருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. அதன் பின்னரே லீசிங் கம்பனிக்கு விண்ணப்பம் போகிறது. சில நாட்களில் வரும் மறுமொழி, “உங்கள் பெயர் கிறிப்பில் இருக்கிறது” என்பது. லொறியும் இல்லை, முற்பணம் மீளுமா என்பதும் விற்றவரின் மனத்தைப் பொறுத்த காரியமாகிவிடுகிறது.

கிறிப் என்று மக்கள் வழங்குவது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தையே. இது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. குற்றவாளிகளின் பட்டியலைப் போல இதனைப் பலர் அஞ்சுகின்றனர். உண்மை யாதெனில், வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ கடன் பெற்ற எவருடைய பெயரும் அங்கு இருக்கும். ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் இருக்கும். கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதைப் பணியகம் தீர்மானிப்பதில்லை. முன்னாளில் ஊர்க் கடைக்காரர் தம் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தே மேலும் கடன் கொடுத்தார். கொழும்பிலுள்ள கம்பனிக்கு ஒலுவில்காரரை நேரில் தெரியாது. ஆகவே அது பொதுவான கொப்பியொன்றைப் பார்க்கிறது, அவ்வளவே.

அந்தக் கொப்பியில் உள்ளவை யாவை? எத்தனை கடன்கள், எவ்வளவு மீதி, எத்தவணை எத்தனை நாள் பிந்தியது என்பன உள்ளன. பணமின்றித் திரும்பிய காசோலைகளும் உள்ளன. இவற்றையெல்லாம் கணித்து ஒரு புள்ளியாகத் தருவதும் இப்போது வழக்கமாகியுள்ளது. அமெரிக்காவில் 300 முதல் 850 வரையான அளவில் இவ்வாறு புள்ளியிடும் முறை 1989இலேயே தொடங்கியது. இலங்கைப் பணியகத்தின் புள்ளி 250 முதல் 900 வரை செல்லும். புள்ளி உயர்ந்தால் கடன் கொடுப்பவரின் அச்சம் குறையும்.

நம்மவர் பெரிதும் ஏமாறும் இடம் பிணைக் கையெழுத்து. மச்சான் வாகனம் எடுக்கிறார், மருமகன் கடை போடுகிறார். உறவுக்காக ஒரு கையொப்பம் இட்டுவிட்டு அதை மறந்துபோவது நம்மூர் வழக்கம். ஏடு மறப்பதில்லை. பிணை நின்ற கடனும் பிணையாளரின் அறிக்கையில் ஏறும். மச்சான் தவணை பிந்தினால், அதன் நிழல் பிணை நின்றவர் மேலும் விழும். மச்சானிடம் இதைக் கேட்க வெட்கம்; கேட்காமலிருந்தால் நட்டம்.

வட்டியைத் தவிர்த்து, இஜாரா போன்ற இஸ்லாமிய முறைகளில் வாகனம் எடுப்போர், தமது கொடுக்கல் வாங்கல் இந்த ஏட்டில் சேராது என்று கருதுவதுமுண்டு. அதுவும் பிழை. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ அதை வழங்கினால், அதுவும் பதிவாகும்.

லீசிங் ஒப்பந்தத்தின் தன்மையையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கடைசித் தவணை கட்டும் வரை வாகனத்தின் உரிமை கம்பனியினுடையதே. ஓட்டுபவர் அதைப் பாவிப்பவர் மாத்திரமே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின் வாகனம் தேடி அலைவோர் பலர். ஒரே வாரத்தில் நான்கு கம்பனிகளில் விண்ணப்பம் கொடுத்துப் பார்ப்போரும் உளர். அவ்வாறு ஒவ்வொரு கம்பனியும் விசாரித்த செய்தியும் அறிக்கையில் இடம்பெறுகிறது. ஐந்தாவது கம்பனி அதைக் கண்டு, மற்ற நால்வரும் ஏன் கொடுக்கவில்லை என்று ஐயுறுமானால் அதைக் குறைசொல்ல முடியுமா?

ஆதலால் அறிக்கையை வாங்கிப் பார்ப்பது முற்பணம் கொடுப்பதற்கு முன் நடைபெற வேண்டிய காரியம். தம்மைப் பற்றிய அறிக்கையை எவரும் தேசிய அடையாள அட்டையைக் காட்டி, உரிய கட்டணம் செலுத்திப் பெறலாம். தீர்த்த கடன் தீராததாகக் காட்டப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்துடன் முதலில் அந்த வங்கியையோ கம்பனியையோ அணுக வேண்டும். தகவலை அனுப்பியது அதுவே. பணியகத்துக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். திருத்தம் ஒரே நாளில் முடிவதன்று. உண்மையாகவே தவணை பிந்தியிருந்தால் அதை அழிக்க வழியில்லை. காசு வாங்கிக்கொண்டு பெயரை நீக்கித் தருவதாகக் கூறும் தரகரை நம்பலாகாது.

மணல் அடைத்த மாதங்களில் பிந்திய தவணைக்கு, கடல்மேல் சென்றவர் மீது என்ன குற்றம் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஏட்டில் நாட்கணக்கு இருக்கும். துறைமுக வாயிலின் கதை இராது. அக்கதையைக் கம்பனி முகாமையாளரிடம், படகுப் பதிவும் கடன் தீர்ந்த கடிதமும் கையிலிருக்க, விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துச் சொல்ல வேண்டியவர் படகுச் சொந்தக்காரரே.