கணினிக் கணக்குக்கு ஒரு காப்பு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு என்று தொழில் நடத்தும் தம்பதியர் உண்டு. பகலில் கணவர் கல்லாவைக் கவனிப்பார். கடை அடைத்ததும் மனைவி கணினியில் கொள்முதல், விற்பனையைப் பதிவு செய்வார். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபின் இந்த வேலை கூடிவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னையில் வீடு, கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. அரிசி மூட்டை நனைந்தால் அந்தச் சரக்கோடு நட்டம் முடியும். கணக்கு அழிந்தால் வரவேண்டிய கடன் பாக்கிக்கும் ஆதாரம் இராது. உள்ளீட்டு வரிக்கும் சான்று இராது.

ஜிஎஸ்டியில் பதிவு பெற்ற வணிகர், ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கணினிக் கணக்கானால் மாற்று நகலும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுத்து, மேடான பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. கடவுச்சொல் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் நோயில் படுத்தாலும் கடைக் கணக்கு நிற்காது.